சத்தம் வராம அடிங்க சார்

வெயிலுக்குக் குடை பிடிப்பவர் உண்டு, மழைக்குப் பிடிப்பவர் உண்டு. உமிக்கரிக்குக் குடை பிடித்தவர் ஈரேழு பதினாலு லோகத்திலும் எங்கள் குடை பாய் ஒருவர்தான்.

கும்பகோணத்துக்கு வெளியே, எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே ரைஸ் மில். நெல் அவிக்க உமியைக் கொளுத்துவார்கள். சிம்னி வழியாகக் கரி பறந்து வந்து, கொடியில் காயும் வேட்டி முதல் ஆற வைத்த பால் வரை எல்லாவற்றிலும் உட்காரும். நாங்கள் துடைத்துவிட்டுப் போய்விடுவோம். பாய் மட்டும் டீக்கடை பெஞ்சிலும் குடையை விரித்துக்கொண்டுதான் டீ குடிப்பார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேரே மில்லுக்குப் போய், தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி முதலாளியின் மேஜையில் வைப்பார்.

"பாருங்க முதலாளி. காலையில தொவச்சுப் போட்டது."

முதலாளி நல்ல மனிதர்தான். காது மட்டும் வேண்டிய நேரத்தில் மந்தமாகிவிடும். புதுத் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

"தொப்பி வேணாங்க. கரியப் பிடிக்க ஒரு தொட்டி கட்டுங்க" என்பார் பாய். அடுத்த வாரமும் தொப்பிதான் வரும். அலமாரி நிறையத் தொப்பி சேர்ந்ததுதான் மிச்சம்.

வீம்பு பிடித்த மனுஷன் என்று நாங்கள் சிரித்தோம். விஷயம் வேறு. அவர் மனைவி ஆயிஷாவுக்கு இளைப்பு. படுத்தால் மூச்சு முட்டும். வருஷக்கணக்காகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம்.

கொரோனா வந்தது. ஊரடங்கில் ஆள் வராமல் மில் நின்றது. கொஞ்ச நாளிலேயே வானம் கழுவிவிட்ட மாதிரி ஆகி, அதுவரை தெரியாத கோயில் கோபுரம் மொட்டைமாடியிலிருந்து தெரிந்தது. நாங்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது, பாய் குடையில்லாமல் தெருவில் ஓடினார். எதிரே காய்கறி வண்டி மைக்கில் கத்தரிக்காயைக் கூவிக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா, மைக்க நிறுத்து. ஆயிஷா படுத்துத் தூங்குறா."

பின்னாலேயே ஒரு போலீஸ்காரர் லத்தியை ஓங்கிக்கொண்டு வந்தார். "யோவ், ஊரடங்குன்னு தெரியாது? முட்டியப் பேத்துடுவேன்."

பாய் முதுகைத் திருப்பிக் காட்டினார். "அடிங்க சார். சத்தம் வராம அடிங்க."

அந்த ஒரு வார்த்தைக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். விஷயத்தைக் கேட்டறிந்த போலீஸ்காரர், தானே உதட்டில் விரலை வைத்து வண்டியைத் திருப்பி அனுப்பினார். அன்று தெருவே குசுகுசுவென்றுதான் பேசியது. குக்கர் விசில் அடித்துவிடும் என்று என் மனைவி சோற்றை வடித்தாள்.

மில் திறக்கப் போகிறது என்று சேதி வந்ததும் பாய் முகம் செத்துப்போனது. இந்த முறை தொப்பி எடுத்துப் போகவில்லை. முதலாளியையே கையோடு கூட்டிவந்து, ஆயிஷா தூங்கும் அறையின் ஜன்னலோரம் நிறுத்தினார்.

"கேளுங்க முதலாளி."

முதலாளி முகக்கவசத்தோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "ஒண்ணும் கேக்கலையே பாய்."

"முன்னெல்லாம் அவ மூச்சு இழுக்குறது தெரு முனை வரைக்கும் கேக்கும். மில்லு ஓடுனா மறுபடி கேக்கும்."

முதலாளி அங்கிருந்து நேரே மில்லுக்குப் போனார். தொட்டி கட்டி முடித்த பிறகுதான் அடுப்பை மூட்டினார். கரி அடியோடு ஒழிந்தது என்று சொன்னால் பொய். ஆயிஷா படுத்துத் தூங்கும் அளவுக்குக் குறைந்தது.

பாய் இன்னும் குடையோடுதான் நடக்கிறார்.

"இனிமே எதுக்கு பாய்?" என்றேன்.

"முதலாளிக்கு மறந்துடக் கூடாதுல்ல" என்றார்.

விடிகாலையில் அவர் வீட்டைத் தாண்டும்போது நான் பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். அப்படிச் செய்யச் சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை.