மாமி கை காட்டிய ட்ரயல்

கார் ஓடப் பழகுகிறவர்களுக்கு வழக்கமாக நிறுத்துவதுதான் சிக்கல். என் சிக்கல் வேறு. எனக்கு நிறுத்தாமல் போகத் தெரியாது. சந்தியில் யார் ஸலாம் சொன்னாலும் என் கால் தானாகப் பிறேக்கில் ஏறிவிடும். (மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடத் தூரத்தை முக்கால் மணி நேரத்தில் கடக்கிறவன் நான்.) இந்தக் குணத்தோடு லைசன் எடுக்க ட்ரயலுக்கு, அதாவது ரோட்டில் கார் ஓடிக் காட்டும் பரீட்சைக்கு, போனது என் தவறுதான்.

மருதமுனைக்காரனான நான் கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்குக் குடிவந்து அப்போது ஒரு வருடம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். போன இடத்தில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் மாமி, அதாவது என் மனைவி றிஸ்னாவின் உம்மா, பழைய மரியாதை பார்ப்பவர். மருமகனோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். நான் முன்னால் இருக்கும்போதே, "புள்ள, மருமகனுக்கு இன்னொரு முட்ட வைக்கவா எண்டு கேளு" என்பார். நானும் றிஸ்னாவிடம், "போதும் எண்டு சொல்லு" என்பேன். றிஸ்னா இல்லாத நேரத்தில் மாமி திரைச்சீலையிடம் கேட்பார். நான் மின்விசிறியைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

றிஸ்னாவுக்கு ஏழாம் மாதம். முற்றத்தில் மாமாவின், அதாவது றிஸ்னாவின் வாப்பாவின், கார் சும்மா நின்றது. கண்ணில் கோளாறு, ஓட வேண்டாம் என்று டொக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். பிள்ளைப்பேற்றுக்கு அந்தக் காரில் நானே றிஸ்னாவைக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் ஆசை. "லைசனக் காட்டுங்க, சாவியத் தாறன்" என்றார் மாமா.

எழுத்துப் பரீட்சையில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டு, ஆறு மாதத்துக்குப் போதுமான சிரிப்பை வீட்டாருக்கு வழங்கியிருந்தேன். அதனால் ட்ரயல் நாளை ஒருவருக்கும் சொல்லவில்லை.

காலையில் சாரதிப் பயிற்சிப் பள்ளியின் கார். பக்கத்தில் ஃபைலோடு பரிசோதகர். ஒல்லியான மனிதர், சிரிப்பதற்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும் போன்ற முகம். கல்முனையிலிருந்து கிளம்பினோம். கியர் மாற்றினேன், கண்ணாடி பார்த்தேன், இரண்டு ஸலாமுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். (அது என் வாழ்நாள் சாதனை.) சாய்ந்தமருதுச் சந்தையடிக்கு வந்தபோது பாஸ் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்போதுதான், ஆட்கள் ரோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் மாமியைக் கண்டேன். ஒரு கையில் மீன் பை. என்னைப் பார்த்தார். மற்றக் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஒரு வருடத்தில் மாமி என்னை நேராகப் பார்த்துச் செய்த முதல் சைகை அது. நான் எப்படிப் போவேன்? சிக்னல் இல்லாமல், சரியாக மஞ்சள் கோட்டின் மேல் கார் நின்றது. பின்கதவு திறந்தது. முதலில் மீன் ஏறியது, பிறகு மாமி.

பரிசோதகர் மெதுவாகத் திரும்பினார்.

"யார் இவங்க?"

"மாமி, சேர்."

"இறங்கச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்க சேர். நாங்க ரெண்டு பேரும் கதைக்கிறல்ல."

"சண்டையா?"

"இல்ல சேர். மரியாத."

பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. மாமிக்கோ அவர் என் ஆபீஸ் பெரியவர் என்ற எண்ணம். திரைச்சீலையின் இடத்தில் ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் வேறு. "சேர், மருமகனுக்குச் சொல்லுங்க, பஸ்காரன் ஏசுறான், எடுக்கட்டாம்."

பரிசோதகர் ஒரு பெருமூச்சு விட்டு, "எடுங்க" என்றார்.

"சேர், அந்த வளைவுல ரெண்டாம் கியர் போடச் சொல்லுங்க. இவர்ர மாமா அப்பிடித்தான் போடுவாரு."

"ரெண்டாம் கியர்" என்றார் பரிசோதகர், தன்னையறியாமல்.

"ஆடு நிக்கி, பாக்கச் சொல்லுங்க."

"ஆடு."

இப்படியே வீட்டுக் கேற்று வரை வந்தோம். மாமி இறங்கி, "சேர், ரெண்டு பேரும் சோறு திண்டுட்டுப் போகலாம் எண்டு மருமகன்ட சொல்லுங்க" என்றார்.

"சாப்பிட நேரமில்ல உம்மா. இவர் ஃபெயில்" என்றார் அவர். ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டே சொன்னார்: "சிக்னல் போடல்ல. மஞ்சள் கோட்டுல நிப்பாட்டினது. மாமிய ஏத்தினதுக்கு மார்க் குறைக்க இதுல இடமில்ல."

"ட்ரயலா இது?" மாமியின் கையிலிருந்து மீன் பை நழுவியது. என்னை நேராகப் பார்த்தார். "மடயனாடா நீ? வாயத் தொறந்து சொல்லப்படாதா?"

சொல்லிவிட்டு, திடுக்கிட்டு, முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொல்லியாகிவிட்டது. ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த முதல் வார்த்தை. எனக்கு ஃபெயிலானதே மறந்துபோய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பரிசோதகரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

குற்ற உணர்ச்சியில் மாமியே அன்று பின்னேரம் சாவியை எடுத்து வந்தார். தினமும் அஸர் தொழுகை முடிந்ததும் எல் போட் மாட்டிக்கொண்டு புறப்படுவோம். பக்கத்தில் மாமா, பின்னால் மாமி. மாமாவிடம் லைசன் இருந்தது. மாமியிடம் கண் இருந்தது. "கிளச்ச விடு! விடு எண்டா விடு! யா அல்லாஹ், இவனுக்கா என்ட புள்ளயக் குடுத்தன்!" மரியாதையெல்லாம் போயே போய்விட்டது. அடுத்த ட்ரயலுக்குப் போன அன்று மாமி வாசலைத் தாண்டவில்லை. பாஸ்.

நாலாம் நாள் றிஸ்னாவுக்கு வலி கண்டது. அவசரத்தில் சாவியை இரண்டு தடவை தவறான பக்கம் திருகினேன். வலியோடு வலியாக, பின்னால் மாமியின் பக்கத்திலிருந்து றிஸ்னாவின் குரல் வந்தது: "சேர், இவர மெதுவாப் போகச் சொல்லுங்க."

எனக்குப் பக்கத்து முன் சீற்றில் யாருமில்லை. மாமி சிரித்த சிரிப்பில் என் பதற்றம் போய்விட்டது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு வயது. காரில் ஏறினால் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். காலியான முன் சீற்றைப் பார்த்துத்தான் கேட்பாள்:

"சேர், வாப்பாட்ட சொல்லுங்க, ஐஸ்கிறீம் கடையில நிப்பாட்டட்டாம்."

நிப்பாட்டுகிறேன். இப்போதெல்லாம் சிக்னல் போட்டு.