கூரைக்கு மண் கொடுத்த விவரமும் தக்கிய்யாவைத் திருப்பி அனுப்பவேண்டிய நியாயமும்

மலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் என் மச்சான் ஹிஸாமுக்கு முஸ்லிஹ் சொல்லி எழுதவைப்பது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் பிள்ளைகளும் உன் காபிச் செடிகளும், கோபித்துக்கொண்டு வந்து உன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உன் அக்கா தக்கிய்யாவும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே நான் நலம். பசுவும் நலம், ஆனால் என் கையால் கறக்க விடமாட்டேன் என்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஷாயிஃப் தன் கழுதையை வாசலில் கட்டிவிட்டு வந்து எழுதுகிறான். எழுதி முடித்ததும் அவனே அதில் ஏறி இதை உன்னிடம் கொண்டுவருவான்.

வெட்டுக்கிளி வந்து எங்கள் சோளத்தைத் தின்றுவிட்டு, நாங்கள் அந்த வெட்டுக்கிளியை வறுத்துத் தின்ற வருடம். நாட்டை ஆண்ட இமாமின் ஆட்களும் அவரை இறக்கிய குடியரசின் ஆட்களும் மலையின் இரண்டு பக்கமும் நின்று சுட்டுக்கொண்ட வருடம். சந்தைக்கு முதல் ரேடியோ வந்து, அது சொன்ன ஸலாமுக்கு ஷேக் எழுந்து நின்று பதில் சொன்ன வருடம். அந்த வருடம்தான் உன் அக்காவை எனக்குக் கட்டிவைத்தார்கள். நீ அப்போது பிறக்கவில்லை, ஆகவே குறுக்கே பேசாதே. உன் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு பத்திரமா இருப்பாளா?" என்று கேட்டார். "என் கூரைக்குக் கீழ அவ மேல ஒரு முள்ளு குத்தாது" என்றேன். குத்தவில்லை. இப்போது நடந்தது கூரைக்கு மேலே. நீ நியாயம் தெரிந்தவன், இந்த வித்தியாசம் உனக்கு விளங்கும்.

என்ன நடந்தது என்றால், இப்போதைய சண்டையில் செத்துப்போன கரண்ட் திரும்பி வராது என்று தெரிந்ததும் ஊரெல்லாம் சோலார் தகடு வாங்கி மாட்ட, நானும் வாங்கி, யாரையும் கூப்பிடாமல் நானே கூரையில் மாட்டினேன், சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று எனக்கு ஒருவன் வந்து சொல்லித் தரவேண்டுமா, விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, உன் அக்காவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், தகட்டின் அலுமினியச் சட்டத்தில் ஈரத் துணியைக் காயப்போடுகிற வரைக்கும். வெறுங்காலோடு நின்றிருக்கிறாள், "கடிச்சிருச்சு!" என்று அலறினாள். நான் ஓடிப்போய்ச் சட்டத்தைத் தொட்டேன். ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் காட்டினேன். "பாத்தியா, உனக்கு வயசாயிடுச்சு" என்றேன். அவள் என் காலைப் பார்த்தாள். "ரப்பர் செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க பாப்போம்" என்றாள். கழற்றிவிட்டுத் தொட்டேன். அடுத்து நடந்ததை எழுத வேண்டாம் என்று ஷாயிஃபிடம் சொல்லிவிட்டேன், அவன் சிரித்துக்கொண்டே எழுதாமல் இருக்கிறான்.

உடனே சந்தையில் தகடு விற்கிற ஜுப்ரானுக்குப் போன் போட்டேன். "சட்டத்துல கம்பி கட்டி மண்ணுக்குள்ள விட்டியா ஹாஜி? கரண்ட் கசிஞ்சா அது ஆளத் தேடாம மண்ணத் தேடிப் போயிரும்" என்றான். அவ்வளவுதானே? வீடு நிற்பது பாறையில், கீழே எங்கே போய் மண்ணைத் தேடுவது? கூரையிலேயே மண் இருக்கிறது. உன் அக்கா நெய் டின்களில் ரைஹான் துளசிச் செடி வளர்க்கிறாளே, உன் வாப்பா வயலிலிருந்து கழுதையில் வந்த மண், அதைவிட நல்ல மண் இந்த மாகாணத்தில் உண்டா? சட்டத்தில் ஒரு கம்பியைக் கட்டி மறுமுனையைப் பெரிய டின்னுக்குள் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு டின்னை நகர்த்தியிருக்கிறாள். இந்தத் தடவை டின் கடித்தது.

"மண்ணுன்னா என் செடிதான் கெடச்சுதா? இந்த வீட்ல இனி நான் எதத் தொடுறது, சொல்லுங்க! பசுவத் தொடலாமா? ரொட்டி அடுப்பத் தொடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்துவிட்டாள். மறுநாளே நீ சொல்லியனுப்பினாய், "நாய் கடிச்சாக்கூட ஊசி இருக்கு, வீடு கடிச்சா எங்க போறது?" என்று. உன் பேச்சு எனக்கு வலித்தது, ஆனால் நன்றாயிருந்தது, ஊரில் நாலு பேருக்குச் சொன்னேன்.

இப்போது கேள். ஜுப்ரானை ஆளாகவே வரவழைத்தேன். வேலை முடிகிறவரை தகடுகளுக்கு வெயிலே படக்கூடாது என்று கனமான துணியால் மூடச் சொன்னான். வீட்டில் கனமாக இருந்தது உன் அக்காவின் கல்யாண ரஜாய்ப் போர்வைதான். அதை அவளிடம் நீ சொல்லாதே. சட்டத்துக்கு அடியில் நசுங்கித் தோலுரிந்த ஒயரைக் கண்டுபிடித்து மாற்றினான். ஒவ்வொரு சட்டத்திலும் மேல்பூச்சைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு பல் வைத்த வளையம் போட்டு இறுக்கி, எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியில் கோத்துச் சுவரோடு கீழே இறக்கினான். வாசலோரம் குளித்த தண்ணீர் போய்த் தேங்குகிற இடத்தில் எப்போதும் ஈரமிருக்கும், அங்கே செம்புக் கோலை அடித்து இறக்கி அதில் கட்டினான். பாதிக்கு மேல் இறங்கியதும் பாறை தட்டியது. "இது போதுமா?" என்றேன். "ஹாஜி, மறுமை நாள் வரைக்கும் இது அசையாது. அசஞ்சா என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!" என்றான். அவன் தக்காளி வாங்கும்போதும் இப்படித்தான் சத்தியம் செய்கிறான் என்றாலும், கருவி வைத்துப் பார்த்துத்தான் சொன்னான்.

ஆகவே இப்போது என் வீடு பத்திரம். வழக்கப்படி, உன் தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன் என்பதற்கு அடையாளமாக, என் இடுப்புக் கத்தியை ஷாயிஃபிடம் கொடுத்தனுப்புகிறேன், உன் முன் வைப்பான். நீ சொல்கிற கிடாவை அறுக்கிறேன், கொம்பு சுருண்ட கிடா கேட்டாலும் சரி. தக்கிய்யாவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி வை. அல்லாஹ் உன் நிலத்துக்கு மழையும் உன் வீட்டுக்கு பரக்கத்தும் தருவானாக. பெரியவர்களுக்கு ஸலாம், சின்னவர்களுக்கு முத்தம். வஸ்ஸலாம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடு. ஷாயிஃப் கீழே இறங்கிப் போனான், கழுதையைக் காணோம். அவன் அதைக் கட்டியிருந்தது செம்புக் கோலில். "வாசல்ல முளை அடிச்சிருந்தா கழுதை கட்டத்தானே மாமா?" என்கிறான், அவனைக் குற்றம் சொல்லவும் வாயில்லை, நம் ஊரில் வேறெதற்கு முளை அடித்திருக்கிறார்கள்? கோலும் கம்பியும் இழுபட, அது பள்ளத்தாக்கில் உன் ஊர்ப் பக்கம்தான் இறங்குகிறது. வந்தால் பிடித்துவை. ஷாயிஃப் நடந்துதான் வருவான். ஜுப்ரானின் மனைவி காதில் விழாமல் பார்த்துக்கொள்.

சட்டம் இப்போது கடிக்காது, ஒயர் புதிது என்று ஷாயிஃப் சொல்கிறான். இருக்கலாம். ஆனாலும் பாறை தட்டாத இடமாய்ப் பார்த்துக் கோலை ஆழமாய் அடித்து, சுற்றிக் கல் கட்டி, கழுதைக்கு வேறு முளை போடுகிறவரை தக்கிய்யாவை அனுப்பாதே. அவளே கிளம்பினாலும் விடாதே, நான் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். கூரைக்குக் கீழே என்றுதான் அன்று சொன்னேன், கூரைக்கு மேலேயும் சேர்த்துக்கொள். உன் வாப்பா போய்விட்டார், என் வாப்பா போய்விட்டார், நிக்காஹ் ஓதிய காஜியாரும், முரசடித்தவரும், ரேடியோவுக்கு ஸலாம் சொன்ன ஷேக்கும் போய்விட்டார்கள். நான் கொடுத்த வாக்கைக் காதால் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது, அன்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்த தக்கிய்யா மட்டும்தான்.