கணினிச் செய்தி கைப்பற்றிய படலம்

வாழி! நாலு மாடியையும் நாற்பது மாடியையும் ஒன்றெனக் கருதும் நெஞ்சுரத்தான், இருண்ட குழியுள் இரும்புக் கயிறு பற்றி இறங்கும் அஞ்சாமையான், இரு தளங்களுக்கிடையே சிக்கிக் கதவைத் தட்டிக் கதறியோர் எத்தனையோ பேரைச் சிறைமீட்ட பேரருளாளன், எண்ணெய் படிந்த கையும் இடுப்பில் செருகிய ஸ்பேனருமாய் உலவும் செம்மல், லிஃப்ட் மெக்கானிக்குகளின் குலவிளக்கு வாழி, வாழி! அன்னாரின் அரும்போர் ஒன்றைப் பாடப் புகுந்தோம். அன்று அவருக்கு வார விடுமுறை.

பாட்டு முறிந்துபோகாமல் காக்கும்படி ஏதேனும் ஒரு சக்தியை முதலில் கைகூப்பி அழைத்தாக வேண்டும். நாம் வீட்டு வைஃபையை அழைக்கிறோம். கூடத்தில் கொழுத்து அறையில் மெலிபவளே, வேண்டாதபோது ஓடோடி வந்து வேண்டும்போது வட்டமிட்டுச் சுற்றவிடுபவளே, அலமாரி உச்சியில் பச்சைக்கண் சிமிட்டி வீற்றிருப்பவளே, இந்த ஒரு பிற்பகல் மட்டுமாவது அறுந்து தொலையாமல் இரு, தாயே!

போருக்குக் காரணம் கேளுங்கள். நம் தலைவரின் வீட்டுக் கூடத்து மூலையில் நான்காண்டுகளாக ஒரு கணினி கொலுவிருந்தது. அதை விலைகொடுத்து வாங்கியவர் அவர். சுமந்து வந்தவர் அவர். ஆயினும் அக்கணினியைப் பற்றிய எந்தச் செய்தியும் அவருக்கு முதலில் தெரிந்ததாகச் சரித்திரமே இல்லை. மனைவியின் தம்பி ஒருவர் இருந்தார். ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். "அத்தான், உங்க கம்ப்யூட்டருக்குப் புது அப்டேட் வந்திருக்கு", "அத்தான், உங்க மாடல்ல பவர் ஒயர் சூடாகுதாம், இலவசமா மாத்தித் தர்றாங்களாம்" என்று அந்த மைத்துனரிடமிருந்து மாதம் தவறாமல் போன் வரும். ஒவ்வொரு முறையும் நம் தலைவர் மலைபோல் அசையாமல் "தெரியும், தெரியும்" என்பார். ஒன்றும் தெரியாது.

இவ்வாறு நான்காண்டு பொறுத்த பொறுமைக் கடல் அன்று மதியம் கரையுடைத்தது. மகள் அடுத்த மாதம் கல்லூரி போகிறாள், அவளுக்குப் புதுக் கணினி வாங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, தட்டைக் கழுவியபடியே இல்லத்தரசி திருவாய் மலர்ந்தருளினார். "எதுன்னு தம்பியே பாத்துச் சொல்லட்டும். அவனுக்குத்தானே எல்லாம் முதல்ல தெரியுது."

தலைவருக்குச் சுருக்கென்றது. நாற்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்டை ஒரு நட்டை முறுக்கிச் சீராக்கும் மனிதரின் சொல்லுக்கு, சொந்த வீட்டில், பெற்ற மகளின் கணினி விஷயத்தில் மதிப்பில்லை என்றால் யாருக்குத்தான் வலிக்காது? அவர் எழுந்து போய்க் கணினி முன் அமர்ந்தார்.

அமர்ந்து, அக்கணினியைப் படைத்த நிறுவனத்தின் இணையக் கோட்டைக்குள் புகுந்து, விளம்பரப் புதர் விலக்கி, "குக்கீகளை ஏற்கிறீர்களா" என வழிமறித்த வாயிற்காவலனுக்கு "ஏற்கிறேன், போய்த் தொலை" என்று விடையிறுத்து, பக்கத்தின் அடிமட்டம் வரை உருண்டு சென்றவருக்குப் பொன்னெழுத்தில் ஓர் அறிவிப்பு தென்பட்டது. புதிய தயாரிப்புகளின் செய்தியை எங்களிடமிருந்தே நேரடியாகப் பெறுங்கள். எங்கள் கணினி வைத்திருப்போர் இன்று மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்தால், புது மாடல்களின் முழு விவரம் நாளைக் காலையே மின்னஞ்சலில் வரும். கடைகளுக்கே அது அடுத்த வாரம்தான் தெரியும்.

தலைவர் நாற்காலியைப் பின்தள்ளி எழுந்தார். கூடம் அதிர முழங்கினார். "நாளைக்கு இந்த வீட்டுக்கு நியூஸ் என் வாயிலருந்துதான் வரும், எல்லாரும் கேட்டுக்கோங்க!"

"சரிப்பா, மெதுவாச் சொல்லுங்க. போன்ல பேசிட்டிருக்கேன்" என்றாள் மகள்.

மணி மூன்று. முதற்போர், பதிவுக்குக் கேட்ட கணினி வரிசை எண்ணுக்காக நடந்தது. அந்தப் பதினாறு எழுத்து மந்திரம், மேசைக்கடியில் கிடந்த கணினிப் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்த பக்கத்தில், எறும்பு எழுதியதுபோல் அச்சாகியிருந்தது. நான்காண்டுத் தூசியெனும் நால்வகைச் சேனை அதைச் சூழ்ந்து காவல் நின்றது. எத்தனையோ ஆழக்குழிகளில் தயங்காமல் இறங்கிய வீரர், இரண்டடி உயர மேசைக்கடியில் வயிறு தட்டித் திணறினார். ஆயினும் தளராது, ஒரு கையில் டார்ச், மறு கையில் துணி, பல்லிடையே பேனா என்று மும்முனையில் பொருது, ஒவ்வோர் எழுத்தாய்ச் சிறைப்பிடித்துத் தம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வெற்றிப் பெருமிதத்தோடு நிமிர்ந்தபோது மேசை அவர் உச்சந்தலையில் ஒரு போடு போட்டது. அதை அவர் விழுப்புண்ணாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் போர் அதனினும் கொடிது. பெயர் கொடுத்தாயிற்று, எண் கொடுத்தாயிற்று, தம் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தாயிற்று. அப்போது, நீங்கள் மனிதர்தானா என்று ஐயுற்ற அப்பக்கம், ஒன்பது சிறு படங்களை விரித்து, "படிக்கட்டுகள் உள்ள படங்களைத் தொடுக" என ஆணையிட்டது.

படிக்கட்டு! லிஃப்ட் குலத்தின் பரம்பரைப் பகை! தலைவரின் உதடு ஏளனத்தில் கோணியது. கோயில் படி ஒன்று, குளத்துப் படி ஒன்று, மாடிப்படி இரண்டு என நான்கையும் நொடியில் தொட்டார். தவறு என்றது பக்கம். மீண்டும் பார்த்தார். நடுவரிசையில் ஏதோ ஒரு கடையின் எஸ்கலேட்டர் இருந்தது. அதைத் தொடச் சொல்கிறார்களோ என்ற ஐயம் எழுந்தது. எழுந்த வேகத்தில் அதை மிதித்தார். ஏனெனில் எஸ்கலேட்டர் ஓர் இயந்திரம். அதற்கு மோட்டார் உண்டு, சங்கிலி உண்டு, மாதாமாதம் சர்வீஸ் உண்டு. படிக்கட்டுக்கு என்ன உண்டு? துடைப்பம் உண்டு. இரண்டையும் ஒன்றென்று சொல்பவன் தொழில் தெரியாதவன். ஆகவே அதே நான்கை மறுபடியும் தொட்டார். தவறு. மூன்றாம் முறையும் தொட்டார். தவறு. இன்னும் ஒரு வாய்ப்பே உள்ளது, அதன்பின் இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சிவந்த எழுத்தில் எச்சரித்தது பக்கம்.

தலைவரின் கை மவுஸ் எனும் சுண்டெலிமேல் நின்றது. ஒருபுறம் முப்பதாண்டுத் தொழிலறம். மறுபுறம் மகளின் கணினி. கண்களை மூடிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு முறை திறந்து, மறுபடியும் மூடிக்கொண்டு, எஸ்கலேட்டரைப் படிக்கட்டு என்று ஒப்புக்கொண்டார். கதவு திறந்தது. அவர் மனம் சிறிது நேரம் சரியாகவே இல்லை.

மணி நான்கு இருபது. வெற்றித் திருமகள் மாலையும் கையுமாய் அருகில் வந்துவிட்டாள் என்று எண்ணிய வேளையில்தான் இடி விழுந்தது. இந்தக் கணினி ஏற்கெனவே பதிவாகியுள்ளது, செய்திகள் கீழ்க்கண்ட முகவரிக்குச் சென்றுகொண்டிருக்கின்றன என்றது பக்கம். கீழ்க்கண்ட முகவரியில் முதலிரண்டு எழுத்தும், பின்னர் நட்சத்திரக் கூட்டமும், கடைசியில் நான்கு எண்களும் இருந்தன. அந்த நான்கும் மைத்துனரின் கார் நம்பர்.

துரோகம்! தலைவரின் மீசை துடித்தது. கண் சிவந்தது. தன் வீட்டில் விளைந்ததை அடுத்தவன் அறுத்திருக்கிறான்! "இங்க வா! வந்து உன் தம்பி லட்சணத்தைப் பாரு! நம்ம கம்ப்யூட்டரைத் தன் மெயில்ல பதிஞ்சு வச்சிருக்கான்!"

ஈரக்கையோடு வந்த இல்லத்தரசி திரையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "கடையில நீங்கதானே குடுத்தீங்க? எங்க மெயில் கேட்டாலும் தம்பியோடதைத்தானே குடுப்பீங்க. செருப்புக் கடையில கூட அதைத்தான் குடுத்தீங்க."

அம்பு தைத்தது. உண்மை அதுதான். யாரேனும் லிஃப்டில் சிக்கினால் புகார் வரும் முகவரி தலைவருடையது. அதில் கடைக் குப்பை சேர்ந்தால் அவசரப் புகார் கண்ணில் படாமல் போகும், உள்ளே ஒரு மனிதர் வியர்த்துக்கொண்டு நிற்பார். ஆகவே எந்தக் கடையில் எவர் கேட்டாலும், சற்றும் யோசியாமல், பெயருக்குத் தம் பெயரையும் மின்னஞ்சலுக்கு மைத்துனரின் முகவரியையும் கொடுப்பது அவர் வழக்கம். நான்காண்டுகளுக்கு முன் கணினிக் கடையிலும் அப்படியே கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஆக, எதிரியின் கையில் வாளைத் தீட்டிக் கொடுத்தவர் அவரே.

முகவரியை மாற்ற ஒரே வழிதான் இருந்தது. பழைய முகவரிக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும், அதைப் பத்து நிமிடத்துக்குள் இங்கே இட வேண்டும். அதாவது எதிரியின் பாசறைக்குச் சென்று, எதிரியிடமே கையேந்தி, எதிரியை வெல்லும் ஆயுதத்தை இரந்து பெற வேண்டும். மணி நான்கு நாற்பது. தலைவர் எண்ணை அனுப்பச் சொல்லி அழுத்திவிட்டுப் போனை எடுத்தார். காது சுட்டது.

"சொல்லுங்க அத்தான். ஒரு நிமிஷம்... கிளட்ச், கிளட்ச்... பிரேக்கை மிதிங்கம்மா! நான் மிதிச்சுட்டேன், பரவாயில்ல. சொல்லுங்க அத்தான்."

"ஒண்ணுமில்ல மாப்ளே. உன் மெயிலுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்."

"அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியா? இருங்க, ஓரமா நிறுத்தச் சொல்றேன். எப்பவும் அவங்க மெயில் வந்தா நிறுத்திட்டுத்தான் பாப்பேன்."

"எப்பவுமா?"

"உங்க பேர் போட்டுத்தானே வருது அத்தான். 'அன்புள்ள'ன்னு போட்டு உங்க பேர்தான் இருக்கும். உங்களுக்கு வந்த கடுதாசி, நான் வச்சுக்க முடியுமா? அதான் உடனே போன் பண்ணிச் சொல்லிடுவேன். நீங்க ஒவ்வொரு தடவையும் தெரியும்னு சொல்வீங்க. சரி, இவருக்கு வேற வழியில தெரிஞ்சிருக்கும்போலன்னு நினைச்சுப்பேன்."

நான்காண்டுகளாக மாதந்தோறும் ஒரு மனிதர், பாதிப் பாடத்தில் காரை ஓரங்கட்டி, தம் பெயருக்கு வராத கடிதத்தைத் தாமே வைத்துக்கொள்ளாமல் உரியவரிடம் சேர்ப்பித்திருக்கிறார். அதைப் பெற்றவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. தலைவருக்கு வெட்கமாக இருந்தது. கோபத்துக்கு இடமே இல்லாமல் வெட்கமாக இருந்தது.

"எழுதிக்கோங்க அத்தான். நாலு, ஒண்ணு, ஒன்பது... அம்மா, ரிவர்ஸ் போடாதீங்க, நாம நிக்கிறோம்... அஞ்சு, ரெண்டு, ஏழு."

"மாப்ளே, இதைப் போட்டா இனிமே உனக்கு வராது."

"நல்லதாப் போச்சு. நேரா உங்களுக்கே வரட்டும். ஆனா அந்தச் செருப்புக் கடையையும் கொஞ்சம் மாத்திவிடுங்க, தினம் மூணு அனுப்புறான்."

உள்ளங்கையில் இடமின்றி மணிக்கட்டில் எழுதிய ஆறு எண்களையும், நான்கு நாற்பத்தெட்டுக்கு, நடுங்காத விரலால் நம் தலைவர் இட்டார். பதிவு நிறைவுற்றது! முரசு கொட்டுங்கள், சங்கு முழக்குங்கள், மேசைக்கடித் தூசியே விலகு, படிக்கட்டுகளே பணியுங்கள், இடைத்தரகரின்றி, எவர் தயவுமின்றி, படைத்தவன் வாயிலிருந்தே செய்தி கேட்கும் பேறு பெற்றவர் இதோ!

மறுநாள் காலை பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையின் வெக்கையில், அந்த மின்னஞ்சல் வந்தது. தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு, தலைப்பில் தம் பெயரை இருமுறை படித்தார். அதன்கீழ் புது மாடல்கள் மூன்று தேர்போல் அணிவகுத்து நின்றன. எட்டு ஜிபி, பதினாறு ஜிபி, முப்பத்திரண்டு ஜிபி. உலகத்துக் கடைக்காரர் எவரும் அறியாத அச்செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை நான்கு முறை படித்தார். ஒரு வரியும் விளங்கவில்லை.

அந்தி சாய்ந்தது. கொற்றம் கொண்ட வேந்தன் கோநகர் மீள்வதுபோல் தலைவர் வீடு திரும்பினார். செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், கூடத்தின் நடுவே நின்றார். மனைவியையும் மகளையும் வரச்செய்து, செல்பேசியைச் செப்பேடென உயர்த்திப் பிடித்து, மூன்று மாடல்களின் பெருமையையும் நிறுத்தி நிதானமாக வாசித்தருளினார். மகள் கண்ணெடுக்காமல் கேட்டாள். இல்லத்தரசி முந்தானையால் கையைத் துடைத்தபடி, வியப்பு ஒரு கண்ணும் ஐயம் ஒரு கண்ணுமாய், முழுவதும் கேட்டு முடித்து, "எல்லாம் சரிங்க, எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார்.

"மத்தியானமே கேட்டுட்டேன், பதினாறு ஜிபியே போதும்னான்."