நண்டும் அத்தை வீட்டுப் பத்திரிகையும்

சனிக்கிழமை எங்களுக்கு இருந்த வேலை ரெண்டே ரெண்டு. மதியம் மகாபலிபுரத்துல நண்டு. மூணரை மணிக்குக் கேளம்பாக்கம் பக்கம் ஒரு படம்.

நாங்கன்னா நான், ஸ்டீபன், பிரபு. மூணு பேரும் சிறுசேரியில வேற வேற கம்பெனி, வேற வேற ஷிஃப்ட். ஒரே நாள்ல மூணு பேருக்கும் லீவு கிடைச்சு எட்டு மாசமாச்சு. நண்டு நண்டுன்னு ஸ்டீபன் காலையில டிபன்கூட சாப்பிடாம வந்து நின்னான்.

செங்கல்பட்டுல வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா தாம்பாளத்தோட வந்தாங்க.

"போற வழிதானே? திருக்கழுக்குன்றத்துல சரோஜா அத்தைக்குப் பத்திரிகை வச்சுட்டுப் போயிடு. கவரை உன் பையில போட்டுக்கீறேன்."

தங்கச்சி கல்யாணப் பத்திரிகை. அத்தை, அப்பாவோட ஒரே அக்கா. அப்பாதான் நேர்ல போகணும். அவர் கால் சுளுக்கிக் கட்டில்ல கிடக்கிறார். அங்கேருந்தே கத்தினார்: "டேய், ஒழுங்கா வையி! எங்க அக்கா வரலன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்!"

அவர் பயத்துலயும் நியாயம் இருக்கு. எங்க புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அத்தைக்குப் பத்திரிகை வாட்ஸப்புல போச்சு. அத்தை மூணு வருஷம் எங்களோட பேசல. போன பொங்கலுக்குத்தான் சமாதானம். அனுப்பினது யாருன்னு மட்டும் கேக்காதீங்க.

"அஞ்சு நிமிஷம்டா மச்சான்"னு ஸ்டீபன்கிட்ட சொன்னேன். கார் அவனோடது. கார்லயே திட்டம் போட்டோம். உள்ள போறோம், வைக்கிறோம், சாப்பிட்டாச்சுன்னு சொல்றோம், வர்றோம்.

உள்ள போனோம். வெத்தலை, பாக்கு, வாழைப்பழம், அதுக்கு அடியில கவர். ரெண்டு கையாலயும் தாம்பாளத்தைக் குடுத்துக் கால்ல விழுந்தேன். இவ்வளவு மரியாதையா நான் நடந்து நானே பாத்ததில்ல. அத்தை கண்ணு கலங்கிப்போச்சு.

"மாமா மூணு மணிக்கு வந்துடுவாரு. அவரு வந்தப்புறம் சாமி கும்புட்டுப் பிரிக்கிறோம். எனக்குக் கண்ணாடி வேற ஒடஞ்சு கீது." அப்படியே சாமி படத்துக்கு முன்னாடி வச்சாங்க. "உக்காருங்க, சாப்புட்டுப் போலாம்."

"சாப்ட்டோம் அத்தை!" மூணு பேரும் கோரஸா.

"இன்னா சாப்ட்டீங்க?"

இதுக்கு மட்டும் திட்டம் போடல.

"இட்லி"ன்னேன். "பூரி"ன்னான் ஸ்டீபன். "சாப்பிடல"ன்னான் பிரபு. அவன் சின்ன வயசுலேருந்தே அப்படி. பொய் சொல்லணும்னா வேர்த்துடும்.

ஆளுக்கு அஞ்சு தோசை. அஞ்சு நிமிஷம் ஒண்ணரை மணி நேரம் ஆச்சு.

மகாபலிபுரம் போய்ச் சேரும்போது மணி ஒண்ணு. கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன கடை. ஸ்டீபன் நண்டைத் தானே தூக்கிப் பாத்து, திருப்பிப் பாத்து, பொண்ணு பாக்கற மாதிரி தேர்ந்தெடுத்தான். மிளகு வாசனையோட தட்டு வந்துச்சு. அஞ்சு தோசையும் எங்க போச்சுன்னு தெரியல, எனக்கே பசிச்சுது.

முதல் காலை ஒடைச்சான். கை துடைக்க என் பையில பேப்பர் தேடினான்.

"மச்சான், இன்னாடா இது? மேல 'சரோஜா அண்ணி'ன்னு எழுதி கீது?"

அம்மா அத்தையை அப்படித்தான் கூப்பிடுவாங்க. எனக்குக் கடல் சத்தமே நின்னுபோச்சு.

பையில ரெண்டு கவர் இருந்திருக்கு. முந்தாநாள் எங்க தெருவுக்குத் தண்ணி கேன் போடறவருக்குக் குடுக்கச் சொல்லி அம்மா ஒண்ணு தந்தாங்க. நான் வழக்கம்போல மறந்துட்டேன். எங்கம்மா, பேர் தெரியாதவங்களோட கவர் மேல அவங்க தொழிலை எழுதுவாங்க. இப்போ அத்தை வீட்டு சாமி படத்துக்கு முன்னாடி, குங்குமம் வச்சு, 'தண்ணி கேன்'னு எழுதின கவர் உக்காந்திருக்கு.

மணி ஒண்ணரை. மாமா வர்றதுக்குள்ள மாத்தலன்னா அப்பாவுக்கு அக்காவும் இல்ல, எனக்கு வீடும் இல்ல.

"எந்திரிடா!"

"நண்டு?"

"பார்சல்!"

ஸ்டீபன் என்னைப் பாத்த பார்வையை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். திரும்பிப் போற வழியெல்லாம் நண்டு பின் சீட்டுல பிரபு மடியில. போற போக்குல கவரை மாத்த ஒரு திட்டம் போட்டோம்.

அத்தை வாசல்லயே நின்னாங்க.

"இன்னாடா, அதுக்குள்ள திரும்பிட்டீங்க?"

"பசிச்சுது அத்தை!" வேற எதுவும் வாயில வரல.

"வா வா. கை கழுவினு வாங்க."

உள்ள மூணு இலை போட்டுத் தண்ணி தெளிச்சு ரெடியா இருந்துச்சு. அது ஏன்னு அப்போ எனக்கு உறைக்கல. சாம்பார், வத்தக்குழம்பு, கூட்டு, அப்பளம், பாயசம். சனிக்கிழமை, அந்த வீட்டுல முட்டைகூட நுழையாது.

ஸ்டீபன் பக்கத்துல குனிஞ்ச அத்தை மூக்கைச் சுருக்கினாங்க. "இன்னாப்பா, கையில நண்டு வாசன அடிக்குது?"

"கடல் காத்துங்க"ன்னான்.

திட்டப்படி ஸ்டீபனும் பிரபுவும் மாத்தி மாத்தி "அத்தை, ரசம்!" "அத்தை, மோர்!"னு கேட்டு அவங்களை அடுப்பங்கரையிலயே நிறுத்தினாங்க. நான் நைசா எழுந்து, சாமி படத்துக்கு முன்னாடி கையைக் கூப்பி, கவரை மாத்தி, பழைய கவரைச் சட்டைக்குள்ள சொருகினேன். சாமி மட்டும்தான் பாத்தது. திரும்பி வந்து ரெண்டாவது பாயசம் வாங்கினேன். அவ்வளவு தெம்பு!

மணி மூணரை ஆகியும் மாமா வரல. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்த அத்தை மெதுவா கேட்டாங்க.

"மாத்திட்டியா?"

"எ... எதை அத்தை?"

"தண்ணி கேன."

என் கை தானா சட்டைக்குள்ள இருந்த கவரைத் தொட்டுச்சு.

"கண்ணாடி இல்லன்னா இன்னா? செல்லுல போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாத்தேன். நீங்கதான வாட்ஸப்புல பத்திரிகை வச்சவங்க, எனக்கும் செல்லு பழகிடுச்சு." செல்லை எடுத்துக் காட்டினாங்க. "ஒங்கப்பன கிழிக்கலாம்னுதான் போன எடுத்தேன். அப்புறம், எப்படியும் நீ அலறிகினு ஓடியாருவன்னு மூணு பேருக்கும் சோறாக்க ஒலை வச்சேன். பாவம் இந்தப் புள்ள, காலையிலயே பசியோட நின்னுகினு இருந்தான்." பிரபு தலையைத் தடவினாங்க.

மறுபடியும் அத்தை கால்ல விழுந்தேன். பாதி வெக்கம், பாதி பாயசம்.

"கல்யாணத்துக்கு வருவீங்கல்ல அத்தை?"

"பாக்கலாம்."

தியேட்டருக்குள்ள போகும்போது இடைவேளை முடிஞ்சிருந்துச்சு. உண்ட களைப்புல மூணு பேரும் வரிசையா தூங்கினோம். படம் நல்லா இருந்துச்சான்னு யாராவது கேட்டா, ஏசி நல்லா இருந்துச்சுன்னு சொல்றேன். கார்ல மறந்த நண்டு வெயில்ல என்ன ஆச்சுன்னு ஸ்டீபன் இன்னிக்கும் பேச விரும்பல.

கல்யாணத்துக்கு அத்தை வந்தாங்க. பட்டுப்புடவையில, முதல் வரிசையில. அப்பா அழுதுட்டார்.

மாப்பிள்ளையோட அம்மா பக்கத்துல உக்காந்து, "நீங்க பொண்ணுக்கு இன்னா வேணும்?"னு கேட்டாங்க.

அத்தை என்னைப் பாத்துகிட்டே நிதானமா சொன்னாங்க. "இவங்க தெருவுக்கு தண்ணி கேன் போடறேன்மா."