அரை டாலருக்குள் ஐந்து ஓட்டை

ஐந்து ஓட்டைகளும் ஐந்து திக்கில் இருந்தன. ஆரின் ட்வைட் இலக்குத் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்து மறைக்க வேண்டிய அளவுக்குப் பரவியிருந்தன.

துப்பாக்கிக்கு அவர் தனியே சொல்லிச் செய்வித்த புதுக் குழல். தோட்டாக்களும் வீட்டுப் பட்டறையில் வெடிமருந்தை எடைபோட்டு, குண்டைப் பொருத்தி, அவரே கையால் நிரப்பியவை.

அன்று சுடுதளத்தில் காற்று வெறிபிடித்து அடித்தது. இருநூறு கஜத்துக்கு அப்பால் வெயில் அலையடித்ததில் ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நடந்துபோய்ப் பார்ப்பதற்குள் தாள்கள் பிய்ந்து வேலியில் போய் அப்பிக்கொண்டன. பக்கத்து மேசையில் சுட்ட லவோன் அம்மாள்தான் இரண்டையும் பொறுக்கிவந்து, ஒன்றை ஆரினிடம் நீட்டினார்.

"உன்னோடது கொஞ்சம் பரவலா இருக்கு கண்ணு. என்னோடதப் பாரு."

லவோன் கையிலிருந்த தாளில் ஐந்தையும் ஓர் அரை டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். நான்கு ஒட்டிக்கொண்டும், ஒன்று சற்றே விலகியும் இருந்தன. லவோனின் துப்பாக்கி, செத்துப்போன கணவர் க்ளைடுடையது. அதன் மரக்கட்டையில் விரிசல், அதன்மேல் டேப். தோட்டா, தூண்டில் புழுவோடு சேர்த்துக் கடையில் வாங்கியது.

ஆரினுக்கு அந்த வருடம்தான் காட்டுச் செம்மறிக் கடா வேட்டைக்குக் குலுக்கலில் அனுமதி விழுந்திருந்தது. மொன்டானாவில் அதற்கு ஆயுள் முழுக்க விண்ணப்பித்துவிட்டு வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. க்ளைட் அப்படித்தான் போனார். ஆரினுக்கு இன்னொரு முறை விழப்போவதில்லை.

"குண்டு பறக்கும்போதே தள்ளாடுது. ஓட்டை எவ்ளோ பெருசா இருக்கு பாரு," என்று மனைவி மார்லிஸிடம் தாளைக் காட்டினார்.

"இன்னொரு தடவ சுட்டுப் பாக்கறதுதானே?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது."

மருந்தின் அளவை மாற்றினார். குண்டின் எடையை மாற்றினார். அடுத்த வாரம் ஓட்டைகள் சிறுத்திருந்தன. பரப்பு மட்டும் அண்டா மூடி அளவு ஆகியிருந்தது. பாதி வெற்றி என்று அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

குழல் செய்த வெர்னுக்குத் தொலைபேசினார்.

"கைய வச்சிராத ஆரின். அப்படியே கொண்டா."

கொண்டுபோனால் தனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். எனவே கைவைத்தார். கட்டைக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கப் பிசின் ஊற்றினார். ஒட்டாமலிருக்க இரும்பில் முதலில் மெழுகு பூச வேண்டும். அதை மறந்தார். காலையில் கட்டையும் இரும்பும் ஒரே உடலாகியிருந்தன.

குளிரில் விட்டுக்கொடுக்கும் என்று எங்கோ கேட்டிருந்தார். மான் இறைச்சிக்காக வைத்திருந்த பெரிய உறைபெட்டியில் துப்பாக்கியைக் கிடத்தினார்.

"பாவம், குளிருமே. போர்வை போத்தட்டுமா?" என்றாள் மார்லிஸ்.

இரும்பு விட்டுக்கொடுத்தது, கட்டையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு. குழலின் வாயில் பிசிறு இருக்கிறதோ என்ற சந்தேகம் பிறகு வந்தது. துளைபோடும் இயந்திரத்தால் அதைத் தேய்த்தார். தேய்த்தது கோணலானதும், அதை நேராக்க இன்னும் தேய்த்தார். அதற்குப் பிறகு தாளில் ஓட்டையே விழவில்லை.

வெட்கத்தை விட்டு லவோன் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தத் தாள் வரவேற்பறையில் க்ளைடின் படத்துக்கு அருகே சட்டம் போட்டுத் தொங்கியது.

"எப்படிங்க சுடறீங்க?"

"மூச்ச விட்டுட்டு க்ளைட நெனச்சுக்குவேன். அவ்வளவுதான். அன்னிக்கப்புறம் நான் சுடப் போகவே இல்ல. இதுக்கு மேல என்ன பழகறது?"

ஆரினும் மறுநாள் மூச்சை விட்டுக் க்ளைடை நினைத்தார். மரம் அறுக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கிப்போன க்ளைட் அதைத் திருப்பித் தராததும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது. குண்டு இடதுபக்கப் புதருக்குள் போனது.

வேட்டைக்காலம் விடிந்தால் தொடங்குகிறது என்ற நிலையில் மீண்டும் லவோனிடம் போனார்.

"என் துப்பாக்கிய வச்சுக்கங்க. குழல் மட்டுமே ஒரு வருசம் காத்திருந்து வாங்கினது. உங்களோடதக் குடுங்க."

"அது அழகா இருக்கே கண்ணு. சுவத்துல மாட்டலாம்." லவோன் சற்று யோசித்தார். "க்ளைடுக்கும் மலைக்குப் போன மாதிரி இருக்கும். எடுத்துட்டுப் போ. ராசிக்கு இந்தத் தாளையும் வச்சுக்கோ."

டேப் சுற்றிய துப்பாக்கியை ஆரின் குழந்தையைப் போல் ஏந்திவந்தார்.

"ஒரு தடவ சுட்டுப் பாக்கலியா?" என்றாள் மார்லிஸ்.

"எதுக்கு? அத்தாட்சிதான் கையில இருக்கே." சட்டத்திலிருந்து தாளை எடுத்துச் சமையலறை மேசையில் விரித்தார். "இப்படிப்பட்ட துப்பாக்கி இந்த ஊர்லயே கிடையாது. இத்தன நாளும் என் குழல்னு சொல்லிட்டு ஒரு பழைய குழாயக் கட்டிட்டு அழுதேன்."

அவர் மலைக்கான காலணிக்கு எண்ணெய் போட உட்கார்ந்தார். மார்லிஸ் பையில் ரொட்டியும் உலர்ந்த இறைச்சியும் அடுக்கினாள். லவோன் கொடுத்த தோட்டாக்களை உள்ளே வைத்தாள். ஆரின் கையால் நிரப்பியவை அடியில் இன்னும் கிடந்தன. அவற்றை வெளியே எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும், லவோனின் குண்டுதான் பருமன் என்று தெரிந்தது. தாளின் மேல் குனிந்து, விலகியிருந்த அந்த ஒற்றை ஓட்டையில் முதலில் ஒன்றையும் பிறகு மற்றொன்றையும் மெல்ல வைத்துப் பார்த்தாள்.

"ஆரின், லவோனோட குண்டு இந்த ஓட்டைல நுழையவே இல்ல, உன்னோடது கச்சிதமா உக்காருது. அன்னிக்குக் காத்துல தாள் மாறிப்போச்சோ?"