யாரும் உடைக்காத கதவு

ஃபிராங்க்ஃபுர்ட்,
1968 பிப்ரவரி, செவ்வாய்.

அன்புள்ள தங்கை ஓட்டிலிக்கு,

அண்ணன் அல்வின் எழுதுவது. நீயும் உன் கோழிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுதப் படிக்கக் கற்றபின், யாரையும் கெஞ்சாமல் என் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு சுருட்டு தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் எழுத எழுத இனிக்கிறது. சேதிதான் கசப்பு. காவலாளி வேலையையும் இந்த நிலவறை வீட்டையும் சனிக்கிழமைக்குள் விடச் சொல்லிவிட்டார்கள். உன் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

பேராசிரியர் லோரன்ட்ஸ் மாடியில் நடத்தும் பாடம் வெந்நீர்க் குழாய் வழியாக என் கொதிகலன் அறைக்குப் பதினோரு வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. சமூகத்தில் எதையும் இயல்பு என்று நம்பாதே, யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்று கேள் என்பார். மாணவர்கள் கேட்டார்கள், அவரையே கேட்டார்கள், போன வாரம் கட்டடத்தையே பிடித்துக்கொண்டார்கள், அவர் போலீஸைக் கூப்பிட்டார், அப்புறம் போலீஸுக்குக் கொடுக்கும் சாட்சித் தாளோடு என்னிடம் கீழே வந்தார்.

"வழக்கமான தாள்தான் க்ரோல். கையெழுத்துப் போடுங்க."

"இருங்க, படிச்சுக்கறேன்."

"நீங்களா?"

நான்தான். முக்கால் மணி நேரம் ஆனது. மாணவர்கள் கதவை உடைத்தார்கள் என்று இருந்தது.

"உடைக்கலையே. பனியில நடுங்கிட்டு நின்னாங்க, நான்தான் சாவி போட்டுத் தொறந்தேன். உடைச்சாங்கன்னு எழுதினா யாருக்கு லாபம், புரொஃபசர்?"

அந்த வரியை அடித்துக் கொடுத்தேன். மறுநாளே நிர்வாகத்திலிருந்து வெளியேறச் சொல்லிக் கடிதம். அதையும் நானே படித்தேன்.

மாணவர்களாவது தட்டிக்கொடுப்பார்கள் என்று பார்த்தால், அவர்கள் துண்டறிக்கையிலும் 'கதவைத் தகர்த்தோம்' என்றே இருந்தது. அதையும் அடித்தேன்.

"தோழர் க்ரோல், எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க," என்றாள் ரெனாட்டே என்ற மாணவி. "காவலாளி கதவைத் தொறந்துவிட்டா அதுக்குப் பேரு புரட்சியா?"

"அதுக்குப் பேரு குளிரும்மா."

இப்போது இரண்டு பக்கமும் என்னோடு பேசுவதில்லை. பாடம் நின்றுவிட்டது, குழாயில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். எழுத்தறியாத காலத்தில் எல்லோருக்கும் நல்லவனாக இருந்தேன்.

ஆண்டவர் உனக்குத் திடமான உடம்பைத் தரட்டும்.

அண்ணன்,
அல்வின் க்ரோல்

பி.கு.: நான் வரவில்லை. இப்போதுதான் பேராசிரியர் வந்துபோனார். தம்முடைய பிரதியிலும் அந்த வரியை அடித்துவிட்டாராம். வேலையும் வீடும் எனக்கே. "உங்க கேள்வி மூணு நாளா தூங்க விடலை, க்ரோல். இனிமே நீங்க படிக்காம நான் எதையும் அச்சுக்குக் கொடுக்கப்போறதில்லை," என்று தம் புதுப் புத்தகத்தின் அச்சாகாத தாள்கட்டு ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நானூறு பக்கம். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன். முதல் வாக்கியம் இன்னும் முடியவில்லை. அநேகமாகச் சனிக்கிழமை அங்கேயே ஓடி வந்துவிடுவேன்.