கருவாட்டுக் கட்டம்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது, பிறகு சக்கரத்தை. மூன்றாவதாக, இரும்புலியூரில் ஒரு மளிகைக்கடையின் மாடியில், 'மறுபயன்பாட்டை'க் கண்டது. இதை மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னால் எங்கள் மேலாளர் ராஜகோபாலன் சார் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்.

எங்கள் தொழில் மேன்மையானது. வாடிக்கையாளரின் வியாபாரத்தைக் கட்டங்களும் அம்புகளுமாகப் படம் வரைவோம். படத்தை மென்பொருளாக மாற்றும் விதிகளை ஒரே ஒருமுறை எழுதுவோம். அப்புறம் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் மென்பொருள் தானே வந்து விழும்.

அந்த விதிகளைக் கோவளம் கிளியம்மாளின் மீன்கடைக்காக எழுதியவள் நான். நேரமாக ஆகச் சரக்கின் விலையைக் குறை. பட்டியலில் கீழே தள்ளு. பொழுது சாய்ந்தால் கருவாட்டுக்கு அனுப்பு. கிளியம்மாளுக்கு ஏகத் திருப்தி.

அடுத்து வந்தவர் எத்திராஜ். மாடம்பாக்கத்தில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். சார் அதே விதிகளை, ஓர் எழுத்தும் மாற்றாமல், அவர் படத்தின்மேல் ஓட்டினார். 'வாங்குபவர்' கட்டத்தில் மணமகன் அமர்ந்தான். 'சரக்கு' கட்டத்தில் மணமகள்.

ஒத்திகைக்கு என் விவரத்தையே பதிந்தார்கள். வயது முப்பத்து நான்கு. திரை சற்றே யோசித்துத் தீர்ப்பளித்தது: "ஓவியா. கருவாட்டுக்கு அனுப்பவும்."

சிரித்தேன். எத்திராஜ் சிரிக்கவில்லை.

"இதுல இன்னா தப்பு கீது? எங்க நோட்டுலயும் முப்பது தாண்டுனா கடைசிப் பக்கம்தாம்மா. ரெண்டாந்தாரம் கேட்டு வர்றவங்களுக்குக் காட்டுவோம். கருவாடுன்ற பேர மட்டும் மாத்திக் குடுங்க."

சார் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியாம்மா! மீன்லேர்ந்து கல்யாணம், ஜீரோ சேஞ்ச்! இதான் நிஜமான ரீயூஸ். ரூல் எழுதினவ நீ, நீயே சைன் பண்ணிடு. நாளைக்குக் காலைல லைவ். அறுநூறு பொண்ணுங்க வெயிட்டிங்."

சார் நீட்டிய ஒப்புதல் படிவத்தில் ஒரே வரி: 'புதிய துறைக்கேற்ப மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.' அதில் பொய்யே இல்லை. என் சிரிப்பு நின்றது அதனால்தான்.

பேனாவை மூடினேன். படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மீன் எது, பொண்ணு எதுன்னு மெஷினுக்குத் தெரியாது சார். உங்க ரெண்டு பேருக்காவது தெரியும்னு நினைச்சேன். நான் சைன் பண்ணல."